முதல் வரிசைத் தோட்டாக்கள்

மக்தூம் இரண்டு புல்லட்டுகளை மேசைமேல் நிற்கவைத்து வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்று முழுக்கச் செம்பு. மற்றது செம்பு உறைக்குள் ஈயம் அடைத்தது. மூக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் வெளியே தெரிந்தது.

ஒவ்வொரு அக்டோபரிலும் அவர் கஜகஸ்தான் மலைகளுக்கு மான் வேட்டைக்குப் போவார். போன வருஷம் சுட்ட ஆண்மான் விழவில்லை. புல்லட் உள்ளே போய் விரியாமல் ஊசிபோல மறுபக்கம் வெளியேறிவிட்டது. பனியில் ரத்தத் துளிகளைப் பார்த்துக்கொண்டே இரண்டரை மணி நேரம் நடந்து, ஓர் ஓடைக்கரையில் அதைக் கண்டபோது இன்னும் உயிர் இருந்ததாம்.

"அது என்னைப் பார்த்துச்சு, சிஸ்டர்," என்று ஹிந்தியில் சொன்னார். "இந்தத் தடவை ஒரே வேட்டுல முடியணும்."

அஜிஷா ஒரு டப்பாவைத் திறந்து, முந்தின வாரம் நனைத்த செய்தித்தாள் கட்டுக்குள் சுட்டு எடுத்த புல்லட்டுகளைக் காட்டினாள். ஈயம் வைத்தது நன்றாகத்தான் விரிந்திருந்தது, ஆனால் பாதி சிதறிப் போயிருந்தது. செம்பு நான்கு இதழாக விரிந்து, எடை குறையாமல் அப்படியே இருந்தது. இறைச்சியில் ஈயத்தூள் கலக்காது என்பதையும் அவள் சொன்னாள். மக்தூம் அந்தச் செம்பு இதழ்களை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "இதுதான்," என்றார்.

அதன்பிறகு மூன்று வாரம். வெடிமருந்தின் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வோர் அளவிலும் பித்தளைக் கேஸில் மருந்தும் மேலே புல்லட்டுமாக ஐந்து தோட்டாக்கள் அடைத்துக் கொடுத்தாள். அவர் கிளப்பின் நூறு மீட்டர் ரேஞ்சில் சுட்டுப் பார்த்தார். ஒவ்வொரு முறையும் வெறும் கேஸ்களை வாங்கி, பின்பக்கம் பிதுங்கியிருக்கிறதா, கருகியிருக்கிறதா என்று லென்ஸ் வைத்துப் பார்த்தாள். மூன்றாவது அளவில் ஐந்து துளைகளும் ஒரு திர்ஹம் நாணயத்தால் மூடிவிடலாம்போல நெருங்கி விழுந்தன. அதிலேயே ஐம்பது அடைக்கச் சொன்னார்.

அஜிஷாவுக்குக் குளச்சல் பக்கம். முன்பு மஸ்கட்டில் ஓர் ஆஸ்பத்திரி பார்மசியில் ஊசி மருந்து கலக்கும் வேலை பார்த்தவள். அபுதாபிக்கு வெளியே பாலைவனத்தில் இருக்கும் இந்தத் துப்பாக்கி கிளப்பில், தோட்டா அடைக்கும் ரூமுக்குக் கை நடுங்காத ஆள் வேண்டும் என்று அவளை எடுத்தவர் முகம்மது சித்தீக். கீழக்கரைக்காரர், கிளப்புக் கடையின் மேனேஜர். "மருந்து கலக்குனவ மருந்து அடைக்க வந்துட்டா," என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரிப்பார். நான்கு வருஷத்தில் அவள் கையிலிருந்து ஒரு கோளாறான தோட்டாகூட வெளியே போனதில்லை.

மக்தூமின் ஐம்பதை அவள் ஒரு வியாழக்கிழமை காலையில் அடைத்தாள். மருந்து நிறுக்கும் மெஷினின் தலையில் கருமை ஏறிய பிளாஸ்டிக் குழாய் ஒன்று உண்டு. அதில் மருந்தைக் கொட்டினால் மெஷின் தானாக நிறுத்துத் தட்டில் போடும். கொட்டுவதற்குமுன் அடித்திருகைத் திறந்து, பழைய மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்ப்பது அவள் வழக்கம். அன்று திருகில் கை வைத்தபோது போன் அடித்தது. ருவைஸிலிருந்து புருஷன் சஜின். ரிஃபைனரியில் டெக்னீஷியன்.

"பிளாண்ட்ல ஏதோ கசியுதுன்னு சைரன் அடிக்கி. எல்லாரையும் வெளிய நிப்பாட்டியிருக்காவ. நீ வாட்ஸாப்புல ஏதாச்சும் பாத்துப் பேடிக்காத. எனக்கு ஒண்ணுமில்ல."

"எங்க நிக்கிய? காத்து எந்தப் பக்கம் அடிக்கி?"

போனை ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டு மருந்தைக் கொட்டினாள். அவன் பேசிக்கொண்டே இருந்தான், அவள் கேட்டுக்கொண்டே அடைத்தாள். இருபது நிமிஷத்தில் சைரன் நின்று, எல்லோரும் உள்ளே போனார்கள். அவளும் ஐம்பதையும் முடித்துப் பெட்டியில் அடுக்கினாள். மூலையிலிருந்து தொடங்கி வரிசைக்குப் பத்து, ஐந்து வரிசை. சாயங்காலம் மக்தூமின் டிரைவர் வந்து கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டு போனான்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு இன்னொருவருக்கு அடைப்பதற்காக மெஷினைத் துடைத்தாள். அடித்திருகைத் திறந்து ஒரு வெள்ளைத் தாளில் தட்டினாள். ரைஃபிள் மருந்து பென்சில் முனையை ஒடித்துப் போட்டதுபோலக் குட்டிக் குட்டிக் குச்சிகளாக இருக்கும். தாளில் அந்தக் குச்சிகளோடு ஏழெட்டுத் தகடுகள் கிடந்தன. மிளகாய் விதையை நசுக்கியதுபோலத் தட்டையாக, கறுப்பாக.

அது பிஸ்டல் மருந்து. ரைஃபிள் மருந்தைவிடப் பல மடங்கு வேகமாக எரிவது. பிஸ்டல் தோட்டாவில் ஒரு சிட்டிகைதான் போடுவார்கள். ரைஃபிள் தோட்டாவுக்குரிய எடைக்கு அதைப் போட்டால் தோட்டா வெடிப்பதோடு நிற்காது, துப்பாக்கியே வெடிக்கும்.

அஜிஷா தாளை அசைக்காமல் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கடைக்குள் போனாள்.

"பாய், புதன்கிழமை மெஷின்ல பிஸ்டல் அடைச்சியளா?"

சித்தீக் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே, "ஆமா. சாயங்காலம் ரெண்டு நூறு. அந்தப் போலீஸ் ஆபீசர் கேட்டாருல்ல," என்றார்.

"மிச்சத்த எடுத்தியளா?"

"எடுத்தேன்."

"முழுசா?"

அவர் திரும்பிப் பார்த்தார். அவள் கையிலிருந்த தாளைப் பார்த்தார். "மஃரிபுக்கு பாங்கு சொல்லிட்டாங்க. தொழுதுட்டு வந்து எடுத்துக்கலாம்னு... அப்புறம் மறந்துருச்சு போல."

"எவ்வளவு இருந்துது?"

அவர் இரண்டு விரலைச் சேர்த்துப் படுக்கவைத்துக் காட்டினார்.

அஜிஷா மனசுக்குள் கணக்குப் போட்டாள். இரண்டு விரல் உயரம் என்றால் ஐந்தாறு தோட்டா. அடியில் கிடந்தது முதலில் விழும். முதலில் அடைத்தவை முதல் வரிசையில். அப்போதுதான் இன்னொன்றும் அவளுக்கு ஞாபகம் வந்தது. ஒரே எடைக்குத் தகடு மருந்து அதிக இடம் பிடிக்கும்; வியாழக்கிழமை அடைத்த முதல் சில கேஸ்களில் மருந்து கழுத்துவரை ஏறி நின்றது. அதைக் கண்ணால் பார்த்திருக்கிறாள். காது மட்டும் ருவைஸில் இருந்தது.

மக்தூமுக்கு போன் போட்டாள். மூன்று தடவை போட்டும் அரபியில் ஒரு பெண்குரல், எண் தொடர்பில் இல்லை என்றது. டிரைவருக்குப் போட்டாள். அபுதாபியில் இருந்த அவன் எடுத்தான். முதலாளி லிவா பாலைவனப் பக்கத்துப் பண்ணையில் இருக்கிறார், இன்றைக்கு ரைஃபிளைச் சுட்டுச் சரிபார்க்கிறார், நாளைக்கு விமானம் என்றான். பண்ணையில் சிக்னல் மாஃபி, கிடையவே கிடையாது.

"போவோம் பாய்," என்றாள்.

சித்தீக் எழுந்து கடைக்கதவைச் சாத்தினார். "கொஞ்சம் பொறு. இது வெளிய தெரிஞ்சா என்ன ஆகும் தெரியுமா? கிளப்பு லைசென்ஸ் போகும். ஒனக்கும் எனக்கும் கேஸு. எனக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இங்க படிக்குதுங்க அஜிஷா. நாலு தகடுதானே கெடந்துச்சு? எல்லாத்துலயும் பரவலாக் கலந்திருந்தா ஒண்ணும் ஆவாது."

"கலந்திருக்காது. எனக்குத் தெரியும்."

"சாயங்காலம் அவரே போன் எடுப்பாரு. அப்பச் சொல்லுவோம்."

அவள் புல்லட் பிடுங்கும் பிளாஸ்டிக் சுத்தியலை எடுத்துக் கைப்பையில் வைத்தாள். "நா டாக்சியில போறேன்."

அவள் பார்க்கிங்கைத் தாண்டி ரோட்டுக்கு வந்தபோது அவருடைய நிஸான் பக்கத்தில் வந்து நின்றது.

ஒன்றரை மணி நேரம் ரோடு. சித்தீக் நூற்று நாற்பதில் ஓட்டினார். இடையில் ஒரு தடவைதான் பேசினார். "ஒண்ணு சொல்லுறேன், கேளு. மருந்து டின்லயே கோளாறுன்னு சொல்லிருவோம். கம்பெனி தப்பு. நமக்கும் இப்பதான் தெரிஞ்சுச்சு." அஜிஷா ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை மக்தூமின் எண்ணைப் போட்டுக்கொண்டிருந்தாள். எதிரே ஓர் ஆம்புலன்ஸ் வந்தது. இருவரும் அதையே பார்த்தார்கள். அது விளக்கு எரியாமல் சாதாரணமாகக் கடந்து போனது.

தார் ரோடு முடிந்து பண்ணைக்கான மண்பாதை பன்னிரண்டு கிலோமீட்டர். கண்ணாடியை இறக்கி வைத்துக்கொண்டாள். பாதி வழியில் முதல் வேட்டுச் சத்தம் கேட்டது. உடம்பு தூக்கிப்போட்டது. கொஞ்சம் கழித்து இன்னொன்று. அப்படியென்றால் முதல் வேட்டில் ஒன்றும் ஆகவில்லை. அடுத்ததும் கேட்டால் இதிலும் ஒன்றும் ஆகவில்லை. வேட்டுக் கேட்டால் பயம், கேட்காவிட்டால் அதைவிடப் பயம். பிறகு அவள் காதுக்கு அழுத்தமாக, தொலைவிலிருந்து ஒரு சத்தம் வந்தது. மற்றவைபோல இல்லை. அதன்பின் ஒன்றுமே கேட்கவில்லை.

"யேசப்பா, யேசப்பா," என்று உதடு தானாக முணுமுணுத்தது. சித்தீக் வண்டியை மணலில் புதையப் புதைய விரட்டினார்.

பேரீச்சை மரங்களுக்கு அப்பால் ஒரு பந்தல். அதன்கீழ் மேசைமேல் மணல் மூட்டையில் ரைஃபிளை வைத்து, காதை மூடும் கருவி மாட்டியபடி மக்தூம் குனிந்திருந்தார். இரண்டு கையும் இருந்தது. முகம் இருந்தது. சித்தீக் ஹாரனிலிருந்து கையை எடுக்கவேயில்லை. மக்தூம் நிமிர்ந்து பார்த்து, ரைஃபிளின் பின்பக்கப் பூட்டான போல்ட்டைத் திறந்து வைத்துவிட்டு எழுந்து வந்தார். சிரித்தார்.

சித்தீக் இறங்கி ஸலாம் சொன்னார். நலமா என்றார். வீட்டில் நலமா என்றார். பிள்ளைகளைக் கேட்டார்.

அஜிஷா நேராக மேசைக்குப் போய்ப் பெட்டியைத் திறந்தாள். கடைசி வரிசையில் ஆறு குறைந்திருந்தது. நடு மூன்று வரிசையும் அப்படியே இருந்தது. முதல் வரிசையில் பத்துக் குழியும் காலி.

"சார், இதுல இருந்தது எங்க?"

"ஜைத் கொண்டுபோனான். என் தங்கச்சி மகன். அவனும் வேட்டைக்கு வர்றான், அவனோட ரைஃபிளும் இதே சைஸ். அந்த மணல்மேட்டுக்குப் பின்னால பள்ளத்துல சுட்டுப் பார்க்குறான். ஏன்?"

"அந்தத் தோட்டாவுல மருந்து தப்பு சார். சுட்டா ரைஃபிள் வெடிச்சுரும்."

மக்தூம் அறுபது வயசிலும் வெறுங்காலோடு தன் வண்டிக்கு ஓடினார். அவர்கள் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் வண்டி கிளம்பிவிட்டது. மணல்மேட்டின் உச்சிக்கு ஏறும்போது முன்னால் வானம் மட்டும் தெரிந்தது. அவர், "ஜைத், ஜைத்," என்று சத்தமில்லாமல் சொல்லிக்கொண்டிருந்தார். அஜிஷா முன்சீட்டின் முதுகைப் பிடித்திருந்த தன் விரல்களைப் பார்த்தாள். அவை நடுங்கின. அவளுக்குத் தெரிந்து அது முதல் தடவை.

உச்சி தாண்டியதும் பள்ளம் தெரிந்தது. கீழே ஒரு பிக்கப் நின்றது. பக்கத்தில் ஓர் ஆள் முழங்காலிட்டுக் குனிந்திருந்தான். மக்தூம் ஏதோ கத்தினார்.

அந்த ஆள் நிமிர்ந்தான். முப்பது வயசிருக்கும். நெற்றியிலிருந்து ஒரு ரத்தக்கோடு மூக்கோரமாக இறங்கியிருந்தது. அவன் போட்டிருந்த பாதுகாப்புக் கண்ணாடியின் ஒரு பக்கம் புகைபடிந்து புள்ளி புள்ளியாக இருந்தது. மடியில் ரைஃபிள். கையில் டயர் மாற்றும் இரும்புக்கம்பி.

"மாமா, இந்த போல்ட் மாட்டிக்கிச்சு," என்று அரபியில் சலிப்போடு சொன்னான். அரபி அவ்வளவாகத் தெரியாத அஜிஷாவுக்கும் அது புரிந்தது. மூன்று தோட்டா நன்றாகப் போனதாம். நான்காவதில் சத்தம் பெரிதாகக் கேட்டு, முகத்தில் சூடாக ஏதோ அடித்ததாம். காது இரைகிறதாம். போல்ட்டைத் தட்டித் திறந்துவிட்டால் மிச்சத்தையும் சுட்டு முடித்துவிடலாம் என்றான்.

மக்தூம் கம்பியைப் பிடுங்கி மணலில் எறிந்தார். மருமகனின் தாடையைப் பிடித்து முகத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைப் பார்த்தார்.

மிச்சம் ஆறு தோட்டாக்கள் பிக்கப்பின் பின்பலகையில், காபி பிளாஸ்குக்குப் பக்கத்தில் கிடந்த அட்டைத் துண்டில் வரிசையாக நின்றன. பெட்டியில் இருந்த அதே ஒழுங்கில் எடுத்து வைத்திருந்தான். பத்தாவதிலிருந்து தொடங்கி ஏழாவதுவரை சுட்டிருக்கிறான். முதலாவது இன்னும் ஆறாவதாகக் காத்திருந்தது.

"திற," என்றார் மக்தூம் அஜிஷாவிடம். தலையிலிருந்த வெள்ளைத் துணியை உருவிப் பலகையில் விரித்தார். "நான் பார்க்கணும்."

அவள் பிளாஸ்டிக் சுத்தியலில் ஆறாவது தோட்டாவைச் செருகி வண்டியின் பம்பரில் அடித்தாள். கை சரியாகப் பிடிபடாமல் இரண்டு தடவை நழுவியது. மூன்றாம் அடியில் புல்லட் கழன்றது. மருந்தைத் துணியில் கொட்டினாள். குச்சிகள்தான் அதிகம், நடுநடுவே தகடுகள். அடுத்ததில் பாதிக்குப் பாதி. அதற்கடுத்ததில் தகடுகள்தான் அதிகம். ஒவ்வொன்றையும் தனித்தனிக் குவியலாக வைத்தாள். கடைசியாக முதல் வரிசையின் முதல் தோட்டா. அதிலிருந்து ஒரு குச்சிகூட விழவில்லை. வெறும் தகடாகவே சரிந்தது.

"இது?" என்றார் மக்தூம்.

"இதச் சுட்டிருந்தா போல்ட் முகத்துக்கு வந்திருக்கும் சார்."

அதுவரை ஏதோ வேடிக்கைபோல எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த ஜைத், அந்தக் குவியலைப் பார்த்தான். தன் ரைஃபிளைப் பார்த்தான். பிறகு மணலில் உட்கார்ந்துவிட்டான்.

"யாரு வேலை இது?"

"மருந்து டின்ல..." என்று அரபியில் தொடங்கினார் சித்தீக்.

"நான்தான் சார்," என்றாள் அஜிஷா. "அடைக்கிறதுக்கு முன்னால மெஷினைத் திறந்து பார்க்கணும். நான் பார்க்கலை."

மக்தூம் அவளை அடிப்பார் என்றே அவள் நினைத்தாள். அவர் துணியின் நான்கு முனையையும் சேர்த்து, குவியல்கள் கலந்துபோகும்படி முடிச்சுப் போட்டார். "கிளப்புல பேசிக்கிறேன்," என்றார். "கலாஸ், அவ்வளவுதான். இப்ப போங்க." ஜைத்தைத் தூக்கி வண்டியில் ஏற்றிக்கொண்டு கிளினிக்குக்குப் போனார். அஜிஷாவும் சித்தீக்கும் அந்த மணல்மேட்டை நடந்தே ஏறி இறங்கித் தங்கள் வண்டிக்கு வந்தார்கள்.

பிறகு பதினொரு நாள். ஜைத்தின் நெற்றியில் இரண்டு தையல், ஒரு காதில் கேட்கும் சக்தி கொஞ்சம் குறைந்தது என்று டிரைவர் சொல்லித் தெரிந்தது. தோட்டா அடைக்கும் ரூமைப் பூட்டி முத்திரை வைத்துவிட்டார்கள். அஜிஷா தினமும் டியூட்டிக்கு வந்து, பூட்டிய கதவுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் போனாள். வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றால் எழுந்து நின்றாள். அதில் வந்தவர்கள் ரேஞ்சுக்குச் சுட வந்தவர்களாக இருப்பார்கள். சஜின் லீவு போட்டுவிட்டு வந்தான். "வக்கீலப் பாப்போம்," என்றான். ஊருக்கு டிக்கெட் பார்க்கட்டுமா என்றான். "ஓடிப்போனா அதுதான் பெரிய தப்பு," என்றாள் அவள். ராத்திரி தூங்கினால் கழுத்துவரை மருந்து ஏறி நிற்கும் கேஸ்கள் வரிசையாக வந்தன.

பன்னிரண்டாம் நாள் காலை கிளப்புக் கமிட்டி கூப்பிட்டது. நீள மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர், மூலையில் மக்தூம். என்ன நடந்தது என்று கேட்டார்கள். சைரனையும் போனையும் திறக்காத திருகையும் சொன்னாள். அழுகை வரவில்லை. அரைமணி நேரத்தில் வெளியே போய் இருக்கச் சொன்னார்கள்.

வராந்தாவில் சித்தீக் நின்றிருந்தார். அவரை இன்னும் கூப்பிடவில்லை. பிஸ்டல் மருந்து எப்படி மெஷினுக்குள் வந்தது என்று யாருக்கும் தோன்றவில்லை. எல்லாம் அவள் கையாலேயே நடந்ததாக எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

"எம் பேரச் சொன்னியா?" மெதுவாகக் கேட்டார்.

"எனக்கத் தப்பக் கேட்டாவ. சொன்னேன்."

"என்னையப் பத்தி?"

"கேக்கல."

அவர் சுவரில் சாய்ந்துகொண்டார். நிம்மதியாகத்தான் இருந்திருக்கும். ஆனால் முகம் அப்படி இல்லை. வாட்சைப் பார்த்தார், போனை எடுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பப் பையில் வைத்தார். பிள்ளைகள் ஸ்கூல் விடுவதற்கு இன்னும் நேரம் இருக்கிறது என்று சம்பந்தமில்லாமல் சொன்னார். கதவுவரை போய்க் கைப்பிடியில் கை வைத்துவிட்டுத் திரும்பி வந்தார். இரண்டாம் தடவை போனபோது கை அங்கேயே நின்றது. அஜிஷா அதைப் பார்த்தாள். போங்க என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அது அவர் பயம், அவரே தாண்ட வேண்டியது.

"அல்லாஹ்," என்று வாய்க்குள் சொல்லிவிட்டுக் கதவைத் தட்டினார்.

உள்ளே அவர் முக்கால் மணி நேரம் இருந்தார். மெஷினில் பிஸ்டல் மருந்தை மிச்சம் விட்டது தான்தான் என்று சொல்லிவிட்டாராம். விஷயம் போலீசுக்குப் போகவில்லை. மக்தூம் வேண்டாம் என்றாராம், காரணம் சொல்லவில்லையாம். தோட்டா அடைப்பதையே கிளப் நிறுத்திவிட்டது. அஜிஷாவுக்கு வேலை போனது; விசா மாற்றிக்கொள்ள ஒரு மாதம் தந்தார்கள். சித்தீக்கை மேனேஜர் நாற்காலியிலிருந்து இறக்கி கவுன்டரில் நிறுத்தினார்கள். அதை வெளியே வந்து அவர்தான் அவளிடம் சொன்னார். சொல்லி முடித்ததும் வராந்தாத் தரையிலேயே உட்கார்ந்து, இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். அஜிஷா குளிர்பெட்டியிலிருந்து ஒரு தண்ணீர் பாட்டில் எடுத்துவந்து, மூடியைத் திறந்து அவர் கையில் கொடுத்தாள். அவர் குடித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நின்றாள்.